பின்வாங்கிய சாலை

சியாட்டில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ரெய்னியர் மலை என்றால் பாரடைஸ்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போவது அங்கே. காரை விட்டு இறங்கினால் பனி, பக்கத்திலேயே கழிப்பறை, காப்பி, நாலு போட்டோ, சாயங்காலத்துக்குள் வீடு. அதே மலையின் வடமேற்கு மூலையில் கார்பன் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. அங்கே யாரும் யாரையும் கூட்டிப்போய்ப் பார்த்ததில்லை. கோடரி படாத பழங்காட்டுக்குள் நடந்து, காடு முடியும் முன்பே பனியாற்றின் எதிரில் போய் நின்று, அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். ஒற்றை ஆளாகப் போக வாகான வழி. 2025 ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

பனியாறு என்றாலே பனி எவ்வளவு பின்வாங்கியது என்றுதான் பேச்சு. கார்பன் பனியாறும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளாக நான் பார்த்துவரும் பள்ளத்தாக்கில் அதைவிட வேகமாகப் பின்வாங்கியது மனிதர் போட்ட சாலை. பனி அடி அடியாகப் போனது என்றால் சாலை மைல் மைலாகப் போனது.

முன்கதை கொஞ்சம் வேண்டும். 1833இல் வில்லியம் ஃப்ரேசர் டோல்மி என்ற இளம் மருத்துவர் மூலிகை தேடி மலையின் இந்தப் பக்கமாக வந்தார். வழி காட்டியவர்கள் அந்த மண்ணின் பழங்குடியினர். மலைக்குத் தஹோமா என்று பெயர் சொல்லிக் காலங்காலமாக அடிவாரத்தில் வேட்டையும் பழம் பறிப்புமாக வாழ்ந்தவர்கள். டோல்மிக்குப் பிறகு வந்தவர்கள் மூலிகைக்காக வரவில்லை. நிலக்கரிக்காக வந்தார்கள். ஆற்றுக்குப் பெயர் வந்ததே அந்தக் கரியால்தான். வில்க்கிசன், கார்பனாடோ, மெல்மான்ட், ஃபேர்ஃபாக்ஸ் என்று வரிசையாகச் சுரங்க ஊர்கள் எழுந்தன. கார்பனாடோ சுரங்கத்தில் 1899 டிசம்பரில் நடந்த வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெல்மான்டும் ஃபேர்ஃபாக்ஸும் இன்றைக்குப் பாசி மூடிய அடித்தளக் கற்கள்.

நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்காகக் கரி தேடி வந்தவர் பெய்லி வில்லிஸ் என்ற நிலவியலாளர். 1880களின் தொடக்கத்தில் காட்டுக்குள் குதிரை போகும் பாதை ஒன்றை வெட்டச் செய்தார். 1896இல் அவரும் இஸ்ரேல் ரஸ்ஸலும் ஜார்ஜ் ஓடிஸ் ஸ்மித்தும் கார்பனாடோவிலிருந்து கிளம்பி, இந்தக் காட்டைக் கடந்து, கார்பன் பனியாற்றைப் பார்வையிட்டு, மலை உச்சியைத் தாண்டித் தெற்கே இறங்கினார்கள். ரெய்னியரின் பனியாறுகளை முறையாக ஆராய்ந்து எழுதிய முதல் அறிக்கை அந்தப் பயணத்தில் பிறந்தது. மூன்றே ஆண்டில், 1899 மார்ச்சில், ரெய்னியர் அமெரிக்காவின் ஐந்தாவது தேசியப் பூங்கா ஆனது. பனியாற்றின் தலைமாட்டில் செங்குத்தாக நிற்கும் ஆயிரம் மீட்டர்ச் சுவருக்கு இன்றும் வில்லிஸ் சுவர் என்றே பெயர்.

பிறகு கார் வந்தது. காரோடு ஆசையும் வந்தது. மலையைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை போட்டுவிட வேண்டும், இறங்காமலே எல்லாப் பனியாறுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். அந்த வட்டத்தின் ஒரு துண்டாகத்தான் 1920களில் கார்பன் ஆற்றுச் சாலை வந்தது. பூங்கா வாசலிலிருந்து இப்சட் கிரீக் வரை 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். அதற்கு மேல் போகவில்லை, வட்டமும் முழுமையடையவில்லை. மலையைச் சுற்றிவருவது நடையர்களுக்கே என்று விட்டுவிட்டார்கள். 93 மைல் நீளமுள்ள வொண்டர்லேண்ட் பாதை அதுதான். வட்டச் சாலை வராமல் போனதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

நான் முதலில் போனது 2000களின் தொடக்கத்தில். அப்போது இப்சட் கிரீக் வரை கார் போகும். குண்டும் குழியுமான மண் ரோடு. பழைய கொரோல்லாவின் அடிவயிறு இரண்டு இடத்தில் கல்லில் உரசும். ஆனாலும் போகும். சாலை முடிவில் கூடாரம் அடிக்கும் திடல். சனிக்கிழமையானால் குழந்தைகள், நாய்கள், விறகுப் புகை, கருகும் சோள வாசனை. காரை அங்கே போட்டுவிட்டு மூன்றரை மைல் நடந்தால் பனியாறு. தயிர்ச்சாதத்தை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம். பாதையில் எதிரே வருகிறவர்களுக்கு ஹலோ சொல்லியே வாய் வலிக்கும். தனியாகப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, தனிமை என்று எதுவும் கிடையாது.

2006 நவம்பர் 6, 7 தேதிகளில் மலையில் 36 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நவம்பரில் அந்த உயரத்தில் பனியாக விழ வேண்டியது, வெதுவெதுப்பான காற்றோடு மழையாகவே விழுந்தது. பூங்கா முழுவதையும் ஆறு மாதம் மூடிவைத்தார்கள். மற்ற சாலைகள் மறுபடி திறந்தன. கார்பன் ஆற்றுச் சாலை திறக்கவில்லை. ஆறு அதைப் பல இடங்களில் மென்று துப்பியிருந்தது. சில இடங்களில் சாலையையே தன் வழியாக்கிக்கொண்டிருந்தது.

1996இலும் இப்படி ஒரு வெள்ளம் வந்தது. அப்போது செப்பனிட்டார்கள். இந்தத் தடவை ஏன் விட்டுவிட்டார்கள் என்று அந்தக் காலத்தில் நானும் கோபப்பட்டிருக்கிறேன், அரசாங்கத்துக்குக் காசில்லையா என்று. விஷயம் காசு மட்டுமில்லை. பனி சுருங்கும்போது அது பிடித்துவைத்திருந்த கல்லும் மணலும் சரிவுகளில் அப்படியே வெளியே கிடக்கும். ஒவ்வொரு வெள்ளமும் அதை அள்ளிவந்து பள்ளத்தாக்கில் போடும். ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வரும். கார்பன் ஆற்றுச் சாலையின் சில பகுதிகளில், பக்கத்தில் ஓடும் ஆறு சாலையைவிட மேலே இருக்கிறது. கரைக்குக் கீழே சாலை போட்டுக்கொண்டு வெள்ளம் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் என்ன அர்த்தம்? 2011இல் பூங்கா நிர்வாகம் முடிவாகச் சொல்லிவிட்டது: இனி இது நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். இப்சட் கிரீக் திடல், முதுகில் மூட்டை சுமந்து வருகிறவர்கள் அனுமதிச் சீட்டோடு தங்கும் காட்டு முகாம் ஆனது. 2004இல் வந்த ஒரு சட்டம் பூங்காவின் மேற்கு எல்லையில் 800 ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கிச் சேர்க்க ஏற்கெனவே வழிவிட்டிருந்தது. வெள்ளம் எட்டாத இடம் வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். ரேஞ்சர் அலுவலகமும் அந்தப் பக்கமே இடம்பெயர்ந்தது.

போகவர 7 மைலாக இருந்த நடை 17 மைல் ஆயிற்று. 27 கிலோமீட்டர். கூட்டம் ஒரே வருஷத்தில் கழன்றுகொண்டது.

தனியாகப் போவது என்பதற்கு உண்மையிலேயே ஒரு பொருள் வந்தது அதற்குப் பிறகுதான். காலை ஏழு மணிக்கு வாசலில் தகவல் பலகைக்கு எதிரே காரை நிறுத்தும்போதே போன் செத்துவிடும். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவேன். ஒருமுறை முந்தின நாள் போனில் அம்மாவிடம் உளறிவிட்டேன்.

“தனியாவாடா போறே? புலி கிலி இருக்காதா?”

“புலியெல்லாம் இல்லம்மா. கரடி இருக்கும். அது நம்மளப் பாத்தா ஓடிரும்.”

“அதுக்குத் தெரியுமா அது?”

கருங்கரடியும் இருக்கிறது, கூகர் என்ற மலைச்சிங்கமும் இருக்கிறது. இத்தனை காலத்தில் கரடியின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கூகர் என்னைப் பார்த்திருக்கலாம். நிஜமான ஆபத்து ஓடையைக் கடக்கும் இடத்தில் ஈரக் கட்டை மேல் வைக்கும் கால்தான். கணுக்கால் பிசகினால் தூக்க ஆளில்லை. கோடை முடியும்வரை காத்திருந்து, ஓடைகள் வற்றியபின் போவது இதற்காகத்தான்.

சாலையாக இருந்தபோது இந்தக் காட்டை நான் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கார் கண்ணாடி வழியே பச்சையாக ஏதோ ஓடும், அவ்வளவுதான். நடந்தால்தான் தெரிகிறது. டக்ளஸ் ஃபர், மேற்கு ஹெம்லாக், செடார் இவையெல்லாம் இந்தப் பக்கம் எங்கும் உள்ளவை. ஆனால் கடலோர மழைக்காட்டு மரமான சிட்கா ஸ்ப்ரூஸ் இவ்வளவு உள்ளே வளர்வது அபூர்வம். பள்ளத்தாக்கு மேற்கே திறந்து கிடப்பதால் கடல் ஈரம் நேராக உள்ளே வருகிறது. மிதவெப்ப மழைக்காடு ஒன்று மலையடியில் உருவாகியிருக்கிறது. கிளைகளில் பாசி முழக்கணக்கில் தொங்கும். மேப்பிள் கிளையைத் தொட்டால் கை மணிக்கட்டு வரை பாசிக்குள் போய்விடும். மரம் எங்கே என்று தேட வேண்டும்.

வாசலுக்குப் பக்கத்தில் மழைக்காட்டுச் சுற்றுப்பாதை என்று சின்னதாக ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு செடாரைப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். விழுந்தே பல பத்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கட்டை என் இடுப்புக்கு மேல். அதன் முதுகில் ஒரே நேர்கோட்டில் ஹெம்லாக் கன்றுகள். தரையில் விழும் விதை பாசிக்கும் பெரணிக்கும் அடியில் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மக்கிய கட்டை மேல் விழுந்தது பிழைத்துக்கொள்ளும். நான் முதலில் பார்த்தபோது விரல் நீளமிருந்தவை இப்போது என் தோளுக்கு மேல். வேர்கள் கட்டையின் இரு பக்கமும் இறங்கி மண்ணைத் தொட்டுவிட்டன. சில நூறு ஆண்டு கழித்துக் கட்டை முழுக்க மக்கிப் போனபின், பெரிய மரங்கள் அடியில் இடைவெளியோடு கால் பரப்பி வரிசையாக நிற்கும். அப்படி நிற்கும் மரவரிசைகள் இதே காட்டில் நிறைய இருக்கின்றன. எதன் மேல் முளைத்தன என்று சொல்ல ஒரு சிராய்கூட மிச்சமிருக்காது.

இந்த மரங்களின் உயரக் கிளைகளில் மார்பில்ட் மரெலெட் என்ற கடற்பறவை முட்டையிடுகிறது. புறாவைவிடச் சற்றுச் சின்னது. நாளெல்லாம் கடலில் மீன் பிடிக்கும். கூடு கட்டாது, பழைய மரத்தின் தடித்த கிளையில் பாசி மெத்தை இருந்தால் அதன் மேல் ஒரே ஒரு முட்டை. இது எங்கே முட்டையிடுகிறது என்பதே விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1974இல் கலிஃபோர்னியாவில் மரமேறிய ஒருவர் தற்செயலாகக் கண்ட பிறகுதான் வட அமெரிக்கக் காட்டில் அதன் கூடு உறுதியானது. கடலில் மீனைக் கவ்விக்கொண்டு விடியலில் இந்தப் பள்ளத்தாக்கு வழியே குஞ்சுக்குப் பறந்துவரும். இளம் மரக்காட்டில் அதற்கு இடமில்லை. பாசி மெத்தை போட மரத்துக்கு நூறு இருநூறு வயதாக வேண்டும்.

பழங்காட்டையே நம்பி வாழும் புள்ளி ஆந்தையின் கதை வேறு. 1990இல் அதை அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவித்தபோது இந்த மாநிலமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மரம் வெட்டும் ஊர்களில் ஆந்தையைத் திட்டி ஸ்டிக்கர் ஒட்டிய டிரக்குகள் ஓடின. 1994இல் அரசுக் காடுகளில் வெட்டுதலைக் குறைக்கும் பெரிய திட்டம் வந்தது. பூங்காவுக்குள்ளோ அப்படி வெட்டுவதே கிடையாது. ஆனாலும் புள்ளி ஆந்தை இங்கே ஏறக்குறைய மறைந்துவிட்டது. கிழக்கு மாநிலங்களிலிருந்து பரவி வந்த பட்டை ஆந்தை, உருவத்தில் பெரியது, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரம் அப்படியே நிற்கிறது, அதில் குடியிருப்பது மாறிவிட்டது. காட்டைக் காப்பாற்றினால் போதும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, நானும் அதில் ஒருவன், இது கசப்பான பாடம்.

இப்சட் கிரீக் தாண்டியதும் பாதை ஆற்றோரம் ஏறுகிறது. கார்பன் ஆற்றின் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் நிறம். பனியாறு அரைத்த பாறைமாவு அது. எவ்வளவு தாகமானாலும் அதைக் குடிக்க மனம் வராது. வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். பாதையைச் சில வருஷம் ஆறு விழுங்கியிருக்கும். அப்போது எதிர்க்கரை வழியாகச் சுற்றிப்போக வேண்டும். பிறகு தொங்குபாலம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும் என்று பலகை. பலகைச் சட்டங்களுக்கு நடுவே கீழே வெள்ளை நீர் கொதித்துக்கொண்டு போகும். பாதிப் பாலத்தில் காற்று சட்டென்று குளிரும். குளிர்பெட்டிக் கதவைத் திறந்த குளிர் வந்துவிட்டால் பனியாறு அருகில் இருக்கிறது.

முதல் முறை பார்க்கிறவர்கள் கட்டாயம் ஏமாறுவார்கள். நீலப் பளிங்கை எதிர்பார்த்து வந்தால் எதிரே நிற்பது ஒரு கருப்புக் கல்குவாரி. மேலெல்லாம் ஜல்லி, பாறாங்கல், சேறு. உற்றுப் பார்த்தால்தான் அந்தக் கருப்பின் அடியில் பனிக்கட்டியின் அழுக்குச் சாம்பல் தெரியும். அடிவாயில் ஒரு குகை, அதற்குள்ளிருந்து ஆறு முழுசாகப் புறப்படுகிறது. சும்மா இருக்காது. டக், டக் என்று கல் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறிய மத்தியானத்தில் சிலசமயம் கார் அளவுப் பாறை சரியும்; சத்தம் ஒரு நொடி பிந்தி வரும். கிட்டே போகாதே என்ற எச்சரிக்கையை மீறி மூக்கடியில் நின்று படமெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அந்தக் கருப்புதான் இந்தப் பனியாற்றைக் காப்பாற்றிவைத்திருக்கிறது. தடித்த கல் போர்வைக்கு அடியில் பனி மெதுவாகத்தான் உருகும். முகம் வடக்கே; வில்லிஸ் சுவரின் நிழல் வேறு. அந்தச் சுவரிலிருந்து பனிச்சரிவுகள் மேலே மேலே தீனி போடுகின்றன. அலாஸ்காவை விட்டுவிட்டால் இந்த நாட்டில் இவ்வளவு தாழ இறங்கிவரும் பனியாறு வேறில்லை: அதன் மூக்கு கடல் மட்டத்துக்கு மேல் வெறும் 1,070 மீட்டர் அளவில் இருந்ததாகத்தான் நூல்கள் குறிக்கின்றன. நம் கொடைக்கானல் இதைவிட இருமடங்கு உயரம். அளந்த இடத்தில் பனியின் கனம் 200 மீட்டருக்கு மேல். இதனால்தான் மரமும் பனியும் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் கார்பன் பனியாறு முன்னேறியது. முந்தைய ஆண்டுகளில் விழுந்த அதிகப் பனிதான் காரணம். இதைச் சொன்னால் “பாத்தீங்களா, சும்மா பயமுறுத்துறாங்க” என்று நண்பர்கள் சிலர் குஷியாகிவிடுவார்கள். மலையை முழுசாக எடுத்துக்கொண்டால் 1896 முதல் 2021 வரை பனிப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டது. தெற்கு முகத்தில் இருந்த ஸ்டீவன்ஸ் பனியாற்றைப் பூங்காவின் ஆய்வாளர்களே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கார்பன் தாக்குப்பிடிப்பது அதன் சொந்த அதிர்ஷ்டம். மற்றவற்றுக்கு அது சாட்சி ஆகாது. அதுவும் முன்போல் இல்லை. நான் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்ட பாறையிலிருந்து அப்போது நேர் எதிரே தெரிந்த மூக்கு இப்போது கொஞ்சம் மேலே தள்ளி, இளைத்துத் தெரிகிறது. விட்ட இடத்தில் ஆல்டர் கன்றுகள் துளிர்த்திருக்கின்றன.

கடைசியாக, 2025 ஏப்ரலில் வழியை அடைத்த பாலத்துக்கு வருகிறேன். கார்பனாடோ தாண்டி, ஆற்றின் குறுகிய மலையிடுக்குக்கு மேல் 1921இல் கட்டிய ஃபேர்ஃபாக்ஸ் பாலம். ஒற்றை வழி, எதிரே கார் வந்தால் ஒருவர் நின்று விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தால் ஆறு 70 மீட்டருக்கும் கீழே. இந்தப் பாலம் வரும் முன் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு ரயில்தான் வழி. நூறு வயதைத் தாண்டிய இரும்புத் தூண்கள் துருவேறி நலிந்திருந்தன. முதலில் கனரக வண்டிகளைத் தடுத்தார்கள், 2025 ஏப்ரலில் சோதித்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக மூடிவிட்டார்கள். நடந்துபோகக்கூட அனுமதியில்லை. பொதுமக்களுக்கு வேறு வழி கிடையாது. சுற்றிப்போகும் மரக்கம்பெனிச் சாலைகள் தனியாருடையவை. மோவிச் ஏரி, ஸ்ப்ரே பார்க், மூலிகை மருத்துவர் பெயரைச் சுமக்கும் டோல்மி சிகரம், கார்பன் பள்ளத்தாக்கு, எல்லாம் ஒரே நாளில் அந்தப் பக்கம் போய்விட்டன.

புதுப் பாலத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் வேண்டும். கட்டவேண்டும் என்று வில்க்கிசன் கடைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சனி ஞாயிறு நடையர்கள் வாங்கும் சாண்ட்விச்சில் ஓடும் ஊர் அது. அந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். எனக்குள்ளே இன்னொரு குரலும் கேட்கத்தான் செய்கிறது: கூட்டம் தாங்காமல் 2024இல் பாரடைஸுக்கும் அதேபோல் கார் போகும் இன்னொரு இடமான சன்ரைஸுக்கும் நேரம் குறித்து முன்பதிவு வைத்த பூங்காவில், ஒரு மூலை கொஞ்ச காலம் ஆளில்லாமல் கிடந்தால் என்ன? ஆனால் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கம்மி. இருபது வருஷம் போய் அனுபவித்துவிட்டவன் நான்.

பாலம் வரும்வரை பனியாற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொதுவழி என்று மிஞ்சுவது வொண்டர்லேண்ட் பாதை. சன்ரைஸ் பக்கத்தில் தொடங்கி, விந்த்ராப் பனியாற்றின் ஓரமாகப் போய், மிஸ்டிக் ஏரியைத் தாண்டி இறங்க வேண்டும். காட்டில் இரவு தங்க அனுமதிச் சீட்டும் கூடாரமும் கட்டாயம். ஒரு நாள் கணக்குக்கு அடங்காது. அந்த வழியில் எல்லாம் தலைகீழ். முதலில் பனியாற்றின் முதுகுப் பக்கம் வரும், அப்புறம் மூக்கு, தொங்குபாலம், ஆளரவமற்ற இப்சட் கிரீக். பழங்காடு கடைசியில்தான். அதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே மறுபடி மலையேறித்தான் திரும்ப வேண்டும்.